கடல் வாசம் என்று எழுதிக்கொண்டேன்

ஐம்பதுகளின் கடைசி வருடங்களில், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு முப்பத்துமூன்று வயது. பகலெல்லாம் பிள்ளைகள் மெஷினில் தட்டிக்கொண்டிருப்பார்கள். ஓய்ந்த நேரத்தில் ஊரார் கொண்டுவரும் மனுக்களையும் கடிதங்களையும் அடித்துக் கொடுப்பேன். சுருக்கெழுத்தும் தெரியும் என்பதால் சில பேர் வீட்டுக்கே கூப்பிட்டு, சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளச் சொல்வார்கள். அப்படித்தான் ஒரு புகையிலை வியாபாரி வீட்டுக்குப் போனேன்.

அது மதுவிலக்குக் காலம். டாக்டர் சர்டிபிகேட் கொடுத்து பெர்மிட் வாங்கியவர்கள் மட்டும் மாதம் இவ்வளவு என்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். வியாபாரியிடம் பெர்மிட் இருந்தது. அவருடைய சிநேகிதர், ரிட்டயரான ஆங்கிலப் பேராசிரியர், அவரிடமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு வியாபாரி வீட்டு மாடியில் இருவரும் உட்கார்ந்து விஸ்கியை ருசி பார்ப்பார்கள். பார்த்ததைக் கடிதமாக எழுதி, நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த பேராசிரியரின் கல்லூரித் தோழருக்கு அனுப்புவார்கள். அவர் தான் குடித்ததைப் பற்றி நாலு பக்கம் பதில் போடுவார். அந்தக் கடிதங்களை எழுதிக்கொண்டுபோய் அடித்துக் கொடுப்பது என் வேலை.

முதல் ஞாயிறு பயந்துகொண்டேதான் போனேன். குடிக்கிற இடம் என்றால் கூச்சலும் ரகளையும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே போய்ப் பார்த்தால் இரண்டு பேரும் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் அடி நனைகிற அளவு ஊற்றிக்கொண்டு முதலில் கால் மணி நேரம் முகர்ந்து பார்ப்பதோடு சரி. பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடியும் முகர்வார்கள். ஒரு மிடறு உள்ளே போக அரை மணி ஆகும்.

"மொதல்ல ஈரச் சாக்கு வாசம். செத்த நேரம் கழிச்சுப் பாருங்க, ஆயக்குடிக் கொய்யா. அதுவும் பழுத்து மூணாம் நாளு" என்பார் வியாபாரி.

"கொய்யா இல்லை. பழைய புத்தகம், பைண்டிங் பசை" என்பார் பேராசிரியர், கண்ணைத் திறக்காமலே.

நான் அதுவரை ஒரு சொட்டு மதுவும் தொட்டதில்லை. ஆனால் அவர்கள் பேச்சு என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரே கிண்ணத்தில் ஒருத்தருக்கு வேப்பம்பூ தெரிகிறது, இன்னொருத்தருக்குச் சுட்ட பனங்கிழங்கு தெரிகிறது. அது எப்படி? பாடம் பண்ணின புகையிலைக்கு மழை பெய்த மறுநாள் வருகிற வாசம் என்று வியாபாரி சொன்னால், அதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று பேராசிரியரும் நானும் மண்டையைப் பிய்த்துக்கொள்வோம். வீட்டுக்குப் போகும் வழியில் வெல்லக் கடை, பூக்கடை, தோல் ஏற்றிய வண்டி எல்லாவற்றையும் முகர்ந்துகொண்டே போக ஆரம்பித்தேன். "குழம்புக்கு முன்னாடி உக்காந்து என்னத்தத்தான் மோந்து மோந்து பாக்குறீகளோ?" என்று என் மனைவி கேலி பண்ணினாள்.

ஏழெட்டு மாதம் இப்படிப் போனது.

ஒரு ஞாயிறு நான் போனபோது வியாபாரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு தரகர் மூலம் அவருக்கு மூன்று பாட்டில் கிடைத்திருந்தது. தூத்துக்குடிக் கப்பலில் வந்ததாம், ஸ்காட்லாந்துப் பக்கம் ஒரு தீவில் செய்த விஸ்கியாம். பெர்மிட்டில் வராத சரக்கு. அது சட்டப்படி குற்றம் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். ஆனால் பேராசிரியர் வாலிபத்தில் ஒரே ஒருமுறை ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் அந்த மாதிரி விஸ்கியைக் குடித்திருக்கிறார். அன்றிலிருந்து அதைப் பற்றிப் பேசாத ஞாயிறு கிடையாது. அவருக்காகத்தான் வியாபாரி பாடுபட்டு வரவழைத்திருந்தார்.

பாட்டிலில் தங்க எழுத்து லேபிள். மூடியில் முத்திரை. பேராசிரியருக்கு அன்று ஜலதோஷம் வேறு. ஆனாலும் அவசரமாக ஊற்றிக்கொண்டார். வழக்கமான கால் மணி நேரம் காத்திருக்கவில்லை. இரண்டு தரம் முகர்ந்துவிட்டு ஒரே வாயில் குடித்தார், உடனே இன்னொரு கிண்ணம் ஊற்றி அதையும் குடித்தார்.

"கடல்! எழுதிக்கோங்க. கடல் வாசம், கருவாடு காயற கரை. இந்தத் தீவு விஸ்கி இப்படித்தான் இருக்கும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

வியாபாரி தன் கிண்ணத்தை மூக்கடியில் வைத்துக்கொண்டு, "ஆமா, கருவாட்டு வாசந்தான்" என்று ஆமோதித்தார். பிறகு மூன்றாவதாக ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். "ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்க தம்பி. எம்புட்டு நாளைக்குத்தான் நாங்க சொல்றதக் கேட்டே எழுதுவீக?"

எனக்குப் பெர்மிட் கிடையாது. பயமாக இருந்தது. ஆனால் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. இத்தனை மாதம் காதால் கேட்டதை ஒருமுறை நானே தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. கிண்ணத்தை எடுத்து முகர்ந்தேன்.

எனக்கு அந்த வாசம் தெரியும். சனிக்கிழமைதோறும் டைப்ரைட்டர் எழுத்துகளில் ஒட்டியிருக்கும் மையை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைப்பேன். அந்த ஸ்பிரிட்டின் வாசம். கருகின சர்க்கரை மாதிரி ஒரு இனிப்பு அதை மேலே மூடியிருந்தது, அடியில் ஸ்பிரிட்டின் அதே மீன் கவுச்சி. நேற்றுத் துடைத்தது விரலில் ஒட்டியிருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். விரலை வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி முகர்ந்தேன். அப்போதும் அதே வாசம். வாயைத் திறந்து சொல்ல நினைத்தேன். ஆனால் ஒரு பேராசிரியர் கடல் என்கிறார். இத்தனை வருஷம் குடித்துப் பழகியவர் ஆமாம் என்கிறார். குடித்தே அறியாத நான் டைப்ரைட்டர் என்றால் சிரிக்க மாட்டார்களா? நோட்டில் 'கடல் வாசம்' என்று எழுதிக்கொண்டேன். கிண்ணத்தை உதட்டுக்குக் கொண்டுபோனேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு பாலிஷ்காரர் மாடிப்படி ஏறி வந்தார். வியாபாரி வீட்டு பீரோவுக்கு வெள்ளிக்கிழமை முதல் பூச்சு போட்டிருந்தார். காய்ந்துவிட்டதா என்று பார்த்துப் போக வந்தவர். என் வயதுதான் இருக்கும். மாதா கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பீரோவுக்குப் போகும் வழியில் எங்கள் மேஜையைத் தாண்டியவர் நின்றுவிட்டார்.

"சார், அதக் குடிக்காதீக" என்றார் என்னிடம்.

நான் விழித்தேன். அவர் என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி மேஜையில் வைத்துவிட்டார். வியாபாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலே, யார் வீட்டுல வந்து என்ன பண்ற?"

"மொதலாளி, கோவிச்சுக்காதீக. இது எங்க பாலிஷ் ஸ்பிரிட்டு."

"ஒங் கையில இருக்குற வாசம்டா அது!"

"இன்னைக்கு வேலைய தொடலீங்க. பூசைக்குப் போயிட்டு நேரா வாரேன். மாதா சத்தியமா இது அதுதான்." கிண்ணத்திலிருந்து கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றி, இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்தார். காயும் வரை காத்திருந்து கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "இப்ப மோந்து பாருங்க சார். மேல போட்ட எசன்ஸ் எல்லாம் பறந்துரும். இது மட்டும் நிக்கும். யாரும் குடிச்சிரக் கூடாதுன்னு கலக்குற நாத்தம்."

முகர்ந்தேன். இனிப்பெல்லாம் போய்விட்டது, சுத்தமான கவுச்சி மட்டும் நின்றது.

"ஆமாம், நான் மெஷின் துடைக்கிற ஸ்பிரிட்தான். அப்பவே தெரிஞ்சது" என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

வியாபாரி தன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவர் அதுவரை குடிக்கவில்லை. விருந்தாளி ருசி பார்த்த பிறகுதான் தான் வாயில் வைப்பது என்று அவருக்கு ஒரு வழக்கம். மூன்று பேரும் பேராசிரியரைப் பார்த்தோம். அவர் காலியான கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்றார்.

"இப்பச் செய்யாது ஐயா. நாளைக்குத்தான் செய்யும். கண்ணு போயிரும், உசுரும் போயிரும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார் பாலிஷ்காரர்.

வியாபாரி தயங்கினார். ஆஸ்பத்திரிக்குப் போனால் கேள்வி வரும், போலீஸ் வரும். மோர் கொடுத்துப் பார்க்கலாம், தெரிந்த டாக்டரை வீட்டுக்கு வரவழைக்கலாம் என்றெல்லாம் சொல்லத் தொடங்கினார். பாலிஷ்காரர் அதற்குள் பேராசிரியரின் கையைப் பிடித்து எழுப்பி, படியில் இறக்கிக்கொண்டு போனார். "பாட்டில எடுத்துக்கிட்டு வாங்க சார். டாக்டரு பாக்கணும்" என்று மட்டும் திரும்பி என்னிடம் சொன்னார்.

தெருவில் குதிரை வண்டி கிடைத்தது. நான் பாட்டிலை வேட்டி மடிப்பில் மறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வியாபாரி கடைசி நிமிஷத்தில் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். "மத்தியானச் சாப்பாடு ஒத்துக்கலை" என்று வியாபாரி வாய் குழறினார். டாக்டர் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தேன். எங்கே வந்தது, எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்குக் குடித்தார், எல்லாவற்றையும் சொன்னேன். நானும் குடிக்க இருந்தேன் என்பதையும் சொன்னேன். போலீஸ் வரும் என்ற பயம் இருந்தது. ஆனால் அரை மணி நேரத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டிருந்தவன், இப்போதும் மூடிக்கொண்டால் மனுஷனே இல்லை என்று பட்டது.

குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். அதற்குப் பிறகு டாக்டர் செய்ததுதான் எங்களைத் திகைக்க வைத்தது. பூட்டிய அலமாரியைத் திறந்து, மருந்துக்கென்று வைத்திருந்த பிராந்தியை அளந்து எடுத்துத் தண்ணீர் கலந்து பேராசிரியருக்குக் கொடுக்கச் சொன்னார். மணிக்கு ஒருமுறை கொடுக்க வேண்டுமாம். நல்ல சாராயம் உடம்பில் இருக்கும் வரைக்கும் அந்த விஷத்துக்கு வேலை நடக்காது, அதற்குள் அது வெளியேறிவிடும் என்று விளக்கினார்.

மறுநாள் காலை நான் போனபோது பேராசிரியர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கண்ணில் பாலாடை போர்த்திய மாதிரி இருக்கிறது என்றார். நாலைந்து நாளில் அந்த மூட்டம் கலைந்தது. பத்தாம் நாள் பேப்பர் படித்தார். இன்னும் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார்.

வியாபாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே தரகர் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்கும் நாலு பாட்டில் கொடுத்ததாக அவரிடம் பெருமை அடித்திருந்தான். ஆஸ்பத்திரியில் அது ஞாபகம் வந்ததும் அவர் ஒரு காரைப் பிடித்துக்கொண்டு அன்றே அங்கே போனார். மாப்பிள்ளை வீட்டார் நம்பவில்லையாம். தன் பெயர், ஊர், தான் செய்த தப்பு எல்லாவற்றையும் பந்தலில் நின்று சொல்லி, பாட்டில்களை வாங்கி மண்ணில் கவிழ்த்திருக்கிறார். மறுநாள் மிச்சமிருந்த இரண்டு பாட்டிலோடு தானே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். பெர்மிட் பறிபோனது, கோர்ட்டில் அபராதமும் கட்டினார். பயத்தால் தயங்கிய மனிதர்தான் அதே நாளில் அத்தனை பேரைக் காப்பாற்றியவரும்.

திங்கட்கிழமை பாலிஷ்காரர் எதுவும் நடக்காத மாதிரி வந்து பீரோவுக்கு இரண்டாவது பூச்சு போட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். முதலாளி வீட்டில், அவர் கோபத்துக்கு முன்னால், எப்படி அவ்வளவு உறுதியாகப் பேச முடிந்தது என்று கேட்டேன்.

கை நிற்காமலே பதில் சொன்னார். "எங்க அண்ணன் இந்தத் தொழில்தான் சார். ஒரு நாள் வேலை முடிஞ்சு கூட்டாளிகளோட இதக் குடிச்சிட்டு வந்தாரு. கிட்டப் போனதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொன்னா அடிப்பாரேன்னு சும்மா இருந்துட்டேன். போலீசுக்குப் பயந்து ரெண்டு நாளு வீட்டுலயே போட்டு வச்சிருந்தோம். இப்ப அவருக்கு ரெண்டு கண்ணும் தெரியாது. கையப் பிடிச்சுக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறது நாந்தான்."

நான் பாலிஷ் கிண்ணத்தை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தேன்.

உடம்பு தேறியதும் பேராசிரியர் நீலகிரி நண்பருக்கு ஒரு கடிதம் சொன்னார். அதுதான் நான் அவர்களுக்கு அடித்துக் கொடுத்த கடைசிக் கடிதம். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். எதைத் தேடினேனோ அதையே முகர்ந்தேன், கிண்ணத்தில் இருந்ததை முகரவில்லை என்று ஒரு வரி வந்தது. அதை அடிக்கும்போது, கிண்ணத்தில் இருந்ததைச் சரியாகவே முகர்ந்தும் சொல்லாமல் இருந்த என்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் குறையாகச் சொல்லவில்லையே என்று கூசிப்போனேன்.

அதற்குப் பிறகு பெரிய படிப்பாளிகளும் அனுபவசாலிகளும் கூடிய எத்தனையோ இடங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் ஒன்றைச் சொல்ல என் மனதுக்கு வேறொன்று படும்போதெல்லாம், சிரித்தால் சிரிக்கட்டும் என்று அதைச் சொல்லிவிடுகிறேன். பல தடவை என் பேச்சு தப்பாகவும் போயிருக்கிறது. ஆனால் பேசாமல் இருந்த அந்தச் சில நிமிஷம் ஒரு மனிதரின் கண்ணையே விலையாகக் கேட்டிருக்கும் என்பதை நினைத்தால், தப்பாகப் பேசிய வெட்கம் எனக்கு ஒரு பொருட்டாகவே இருப்பதில்லை.