கறுத்துப்போன கரண்ட் பில்

விரல் நுனியில் தண்ணீரைத் தொட்டு இஸ்திரிப் பெட்டியின் அடியில் சுண்டுவாள். துளி ‘சொய்’யென்று இழுத்தால் சூடு போதாது. ‘சட்’டென்று துள்ளி ஓடினால் சட்டையை விரிக்கலாம். குடியிருப்பு முழுக்க அவளுக்கு இஸ்திரி அக்கா என்றுதான் பெயர். சொந்தப் பெயரைக் கேட்டால் வீட்டுக்காரரே கொஞ்சம் யோசிப்பார்.

சுருக்கம் என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும், அவளுக்குக் கை பரபரக்கும். தலையணை உறையைத் தேய்ப்பாள், கரித்துணியைத் தேய்ப்பாள், மழையில் நனைந்து வந்த செய்தித்தாளையும் தேய்ப்பாள். கேட்டால், “கிழிஞ்சிருந்தா அது கஷ்டம். கசங்கியிருந்தா அது சோம்பேறித்தனம்” என்பாள். அதற்குமேல் வாயைத் திறக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

இப்படிப்பட்டவளுக்கு வந்தது சோதனை. வாடகைக் கார் ஓட்டும் வீட்டுக்காரர் மாடிப்படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். வருமானம் பாதியாயிற்று, கரண்ட் பில் பாக்கி விழுந்தது. நாளைக் காலையில் இணைப்பைத் துண்டிக்க ஆள் வரப்போகிறார்கள். கரண்ட் போனால் இஸ்திரிப் பெட்டி போச்சு, பெட்டி போனால் சோறு போச்சு. பில் கட்ட முடியாதவர்களுக்கு உதவிப் பணம் தரும் அலுவலகம் ஒன்று இருக்கிறது என்று சொன்னதே வீட்டுக்காரர்தான்.

“நான் யார்கிட்டயும் கை நீட்டினதில்லைங்க.”

“நீ கையை நீட்ட வேணாம், தாயே. பில்லை மட்டும் நீட்டு, போதும்.”

நீட்டினாள். உதவி அலுவலகத்தில் கண்ணாடி போட்ட அதிகாரிப் பெண் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். ஒரு எழுத்துக்கூடத் தெரியாமல் ஒரே கறுப்பு.

“என்னம்மா இது?”

“பில்லுங்க. இந்த மனுஷன் சட்டைப் பையில வச்சுக் கசக்கிட்டார். உதவி கேட்டு வர்ற எடத்துக்குக் கசங்கின காகிதத்தோட வரலாமா? சூட்டைக் கொறச்சு, மேல துணி போட்டு, ஒரே ஒரு இழுப்புத்தான் இழுத்தேன். கறுத்துப்போச்சு. ஆறினா தெளியும்னு பாத்தேன், தெளியல.”

“அடிப்பாவி! பில்லையுமா தேய்ச்சே?” ஊன்றுகோலோடு நின்ற வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அது சூட்டுல அச்சாகிற தாள்ம்மா. பெட்டி பட்டா கறுத்துத்தான் போகும்” என்றாள் அதிகாரிப் பெண்.

“அப்போ பில் இல்லைன்னா உதவி கிடையாதா?” அக்காவின் குரல் உடைந்தது.

அதிகாரிப் பெண் அடுத்த தாளை எடுத்தாள். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினாலும் விண்ணப்பம் வளையாமல் மொடமொடவென்று நின்றது. வருமானச் சான்றும் அப்படியே.

“இதெல்லாமும் தேய்ச்சீங்களா?”

“கஞ்சி போடலீங்க. சும்மா தேய்ச்சதோட சரி.”

அவ்வளவுதான்! அந்தப் பெண் மேசையில் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள், காரணம் தெரிந்ததும் அவர்களையும் சிரிப்பு பிடித்துக்கொண்டது. அக்கா முதலில் முறைத்தாள். அப்புறம் அவளுக்கும் உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ, அடி வயிறு வலிக்குதே!” என்று அவள் சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரரின் ஊன்றுகோல் நழுவி விழுந்தது.

அதிகாரிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு மின் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். பில்லின் நகல் கணினியில் வந்தது. விறுவிறுவென்று தட்டினாள்.

“முடிஞ்சுதும்மா. பணத்தை நாங்களே நேரா கட்டிடுறோம். நாளைக்கு யாரும் வர மாட்டாங்க.”

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணீர் வந்தது. அதை இரண்டு கையாலும் துடைத்தபோது, அந்தப் பெண்ணின் நாற்காலி முதுகில் கசங்கிச் சுருண்டு தொங்கிய கோட்டு கண்ணில் பட்டது. கவுன்ட்டரின் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு விறுட்டென்று உள்ளே போனாள். கோட்டை உருவி எடுத்தாள்.

“காசெல்லாம் வேணாம். நாளைக்குக் காலையில தேய்ச்சு வந்துடும்.”

“அம்மா, அம்மா! அதுல என் வீட்டுச் சாவி இருக்கு!”

அக்கா பையைத் துழாவிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். கோட்டை ஒரு உதறு உதறிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, வரிசையைக் கடந்து வெளியே நடந்தாள்.