எங்களுக்குத் துடக்கு

என்னுடைய அம்மம்மா ஒரு யூதப் பெண். இதைச் சொன்னவுடன் ஆட்கள் என் நிறத்தைப் பார்ப்பார்கள், பிறகு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அம்மாவைப் பெற்றவரை நான் கண்டதே இல்லை. அவர் யாழ்ப்பாணத்திலேயே போய்விட்டார். நான் சாப்பிட்டு, ஏச்சு வாங்கி வளர்ந்தது இவரிடம்தான்.

சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் எங்கள் கதவைத் திறந்தால் எதிரில் அவருடைய கதவு. பெரிய யுத்தம் முடிந்த கையோடு போலந்திலிருந்து தனியாகக் கப்பலேறி வந்தவர். கூட வர ஒருவரும் மிஞ்சவில்லை என்பதை, பஸ்ஸைத் தவறவிட்டது போலச் சொல்லுவார். ஸ்படைனா வீதியில் கோட்டுத் தைத்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். புருஷன் செத்து, ஒரே மகன் வான்கூவரில். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் பின்னேர வேலை என்பதால், பள்ளிக்கூடம் விட்டால் நான் அவர் வீட்டில்தான்.

எனக்கு எதற்கும் பயம். லிஃப்ட் இடையில் நின்றுவிடும், அம்மா திரும்பி வரமாட்டார், அடுப்பு எரிந்தபடி கிடக்கும். படிப்பை நான் பாதியில் விட்டதும் இந்தப் பயத்தால்தான். அம்மம்மா ஒருநாளும் பயப்படாதே என்று சொன்னதில்லை. “பயந்துகொண்டே வா” என்பார். ஒருமுறை லிஃப்ட் பழுதாகி யாரும் கவனிக்காமல் கிடந்தபோது, கதிரையைப் படிவழியே இறக்கிக் கொண்டுபோய்க் கட்டிட வாசலில் போட்டு, திருத்தும்வரை எழும்பமாட்டேன் என்று இருந்துவிட்டார். மனேஜர் கெஞ்சினார், அதட்டினார். இவர் பின்னல் ஊசியை நிறுத்தவே இல்லை. லிஃப்ட் ஓடத் தொடங்கிய பிறகுதான் கதிரை மேலே வந்தது.

அவர் இறந்தது ஒரு பனிக்காலத்தில். அந்த வாரச் சனிக்கிழமை அப்பாவின் அக்கா மகளுக்குச் சாமத்தியவீடு, வயதுக்கு வந்த சடங்கு. பெண்ணுக்குத் தண்ணீர் வார்க்க வேண்டியவர்கள் தாய்மாமனும் அவர் மனைவியும். அதாவது அப்பாவும் அம்மாவும். மண்டபம் எடுத்தாயிற்று, வீடியோக்காரருக்கும் சொல்லியாயிற்று, எனக்குப் பச்சைப் பட்டுப்பாவாடையும் தைத்தாயிற்று.

அடக்கம் முடிந்து வந்த அம்மா தலை முழுகினார். சாமிப்படத் தட்டின் திரையை இழுத்து மூடினார். “எங்களுக்குத் துடக்கு” என்றார். சாவுத் துடக்கு உள்ளவர்கள் கோவிலுக்கும் போவதில்லை, நல்ல காரியத்துக்கும் போவதில்லை.

மறுநாளே அப்பாவின் அக்கா, என் மாமி, வந்து நின்றார்.

“என்ன மச்சாள் உது? ஆரோ ஒரு வெள்ளைக்காரி செத்ததுக்கு நீ துடக்குக் காக்கிறியோ?”

“ஆரோ இல்லை. பிள்ளையின்ரை அம்மம்மா.”

“அப்ப உன்ரை தாயோ?”

“ஓம்.”

மாமி சிரித்தார். “நல்ல விசர். சனம் கேட்டால் என்னெண்டு சொல்லுறது?”

“உள்ளதைச் சொல்லுங்கோ. என்ரை அம்மா செத்த செய்தி பிந்தி வந்தநேரம், தலையிலை தண்ணி வாத்தால் சரியெண்டு நீங்கள் போனிலை சொன்னனீங்கள். ஒருத்தரும் வரேல்லை. அந்த மனுசிதான் வந்து கண்ணாடியைத் துணியாலை மூடிப்போட்டு, என்னைக் கீழை இருத்தி, தானும் பக்கத்திலை இருந்தது. அவையளிலை ஆரும் செத்தால் ஒரு கிழமை இப்பிடி நிலத்திலை இருப்பினமாம்; அந்தக் கிழமை முழுக்க வந்தது. அவிச்ச முட்டை கொண்டந்து தந்தது.”

“செத்தவீட்டிலை முட்டையோ? நீ திண்டனியோ?”

“திண்டனான். அவையின்ரை முறை அது. அழுதழுது திண்டனான்.”

மாமி அப்பாவின் பக்கம் திரும்பினார். “தம்பி, நீ வாறியோ இல்லையோ? தாய்மாமன் இல்லாமல் என்ரை பிள்ளைக்கு ஆர் தண்ணி வாக்கிறது?” குரல் உடைந்திருந்தது. போகலாம் என்று அப்பா சொல்லிவிட வேண்டும் என நான் நேர்ந்துகொண்டேன். சொந்தமே முறிந்துவிடும் என்று பயம், பாவாடை ஆசையும்தான்.

அப்பா அக்காவை எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. அன்று மெதுவாகத்தான் சொன்னார்: “துடக்கு வீட்டிலை நிண்டு கதைக்கிறியள், அக்கா. போய்த் தலை முழுகுங்கோ.”

வைத்த தேத்தண்ணீர் ஆறிக் கிடந்தது. மாமி வேறொரு ஒன்றுவிட்ட தம்பியைப் பிடித்துச் சடங்கை முடித்தார். பல வருடம் எங்களோடு கதைக்கவில்லை. அம்மா அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. நானும் இப்போது வருந்துவதில்லை.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் மூவரும் டிவி போடாமல் நிலத்தில் பாய் விரித்து இருந்தோம். அழுது அழுது என் முகம் வீங்கியிருந்தது, பாவாடைக்காக. எதிர்வீட்டைக் காலி செய்ய வந்திருந்த வான்கூவர் மகன், பெட்டியை மூட ஒட்டுநாடா கேட்டு எங்கள் கதவைத் தட்டினார். திரைபோட்ட சாமித்தட்டையும் பாயையும் பார்த்து, இது என்ன என்றார். எங்களுடைய ஆள் ஒருவர் செத்தால் இப்படி வீட்டோடு இருப்போம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

“யார் செத்தது?” என்று கேட்டார்.

“உங்களுடைய அம்மா” என்றேன்.

அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டார். இருட்டும்வரை எழும்பவில்லை. ஒட்டுநாடாவை நீட்டியபடி நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பெட்டி தூக்கித் தூக்கி மனுசன் நன்றாகக் களைத்துப்போனார் என்றுதான் நினைத்தேன்.