பலகை கோபித்துக்கொண்ட நாள்

கிரேன் வாடகைக்கு விடும் அந்த நிறுவனத்தில் 'பலகை' என்று கூப்பிட்டால்தான் அவன் திரும்பிப் பார்ப்பான். கிரேன் வேலைக்கு நிற்கும்போது அதன் நான்கு மூலைகளிலிருந்தும் இரும்புக் கால்கள் நீண்டு தரையில் ஊன்றும். அந்தக் கால்களுக்கு அடியில் எதை வைப்பது என்று முடிவு செய்வது அவன் பொறுப்பு. கெட்டியான கான்கிரீட் தரை என்றால், கையில் தூக்கிப் போகிற சின்ன பிளாஸ்டிக் பேட் போதும். மண் தரை என்றால் பெரிய மரப்பலகை வேண்டும். அகலமாக இருந்தால்தான் கனம் பரவும், கால் புதையாது.

கம்பியால் மண்ணைக் குத்திப் பார்ப்பான், குதிகாலால் மிதிப்பான். அதோடு விடாமல் பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டி, "இங்க முன்னாடி கிணறு ஏதாச்சும் இருந்துச்சுங்களா?" என்று விசாரிப்பான். துளி சந்தேகம் வந்தாலும் பெரியதைத்தான் இறக்குவான்.

கிரேனை ஓட்டியவர் அவனுடைய அக்கா கணவர். கண்ணாடி டம்ளரைக்கூட நோகாமல் தூக்கி வைக்கிற கை அவருக்கு; வாய்க்குத்தான் பிரேக் கிடையாது.

"எங்க போனாலும் உனக்கு மட்டும் சேறாவே தெரியுதேடா மாப்ள!" என்பார்.

"சாஞ்சுட்டா அப்புறம் என்னைத்தானே திட்டுவீங்க மாமா? பிடிங்க அந்தப் பக்கம்" என்பான் அவன். முணுமுணுத்துக்கொண்டே இருவரும் பலகையை இறக்குவார்கள். வருடக்கணக்காக இப்படித்தான் ஓடியது.

அவனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார் அக்கா வீட்டுக்கு வந்திருந்தபோது மாமா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "மாப்பிள்ளை ரொம்ப ஜாக்கிரதை. கட்டில்ல ஏறுறதுக்கு முன்னாடி நாலு காலுக்கும் பலகை வைப்பான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அந்தச் சம்பந்தம் கூடி வரவில்லை. காரணம் வேறு ஏதாவது இருந்திருக்கலாம். அவன் மனத்தில் பதிந்தது அந்தச் சிரிப்புதான். மாமாவோடு பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

அந்த வாரமே ஒரு வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி ஏற்றும் வேலை வந்தது. மதில் ஓரமாகத்தான் கிரேனை நிறுத்த முடிந்தது. பின்பக்கக் கால் ஊன்றும் இடத்தில் மண் மட்டும் நிறம் மாறியிருந்தது. குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளம் அது. வந்து நின்றவுடனேயே அவன் கண்ணில் பட்டுவிட்டது. பெரிய பலகைகள் கூடவே வந்த லாரியில்தான் இருந்தன.

"என்ன மாப்ள, எதைப் போடலாம்?"

"நீங்க சொல்றதுதான்."

மாமா ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தார். "அப்ப சின்னதே போதும். ஒரு தொட்டிதானே."

அவன் நான்கு பிளாஸ்டிக் பேட்களைக் கொண்டுவந்து வைத்தான். கம்பியைக் கையில் எடுக்கவே இல்லை. கேட்டதைத்தானே கொடுக்கிறோம் என்று மனத்துக்குள் ஒரு வீம்பு.

தொட்டி மாடி உயரத்தை எட்டியபோது அந்தப் பின்பக்கக் கால் மளமளவென்று இறங்கியது. "மாமா, கீழ வைங்க!" என்று அவன் கத்தினான். அதற்குள் கிரேன் சரிந்து மதிலில் சாய்ந்துவிட்டது. வெளியே குதிக்கப் பார்த்த மாமாவின் வலது கை, கதவுக்கும் மதிலுக்கும் நடுவே நசுங்கியது. உயிர்ச்சேதம் இல்லை என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்த மேலாளரிடம் மாமா, "நான்தான் சின்னது போதும்னு சொன்னேன். அவனை ஒண்ணும் கேக்காதீங்க" என்று முடித்துவிட்டார்.

மேலாளர் போனதும் அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உடைந்துபோனான். "பள்ளத்தைப் பாத்தேன் மாமா. உங்க மேல இருந்த கோவத்துல வாயத் தொறக்கல."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். "தெரியும்டா. நீ சண்டை போடாம பேட் வெச்சப்பவே எனக்கு உறைச்சுது. இறங்கி வந்து ஒரு தடவை கேட்டிருக்கலாம். எனக்கும் கௌரவம் தடுத்துடுச்சு."

சாப்பாட்டுத் தூக்கோடு அக்கா வாசலில் நிற்பதை இருவரும் அப்போதுதான் பார்த்தார்கள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா" என்றாள். தூக்கை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

மாமாவின் விரல்கள் மடங்கவில்லை. கிரேன் ஏற முடியாமல், அதே நிறுவனத்தில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறார். வாய் மட்டும் மாறவில்லை. அங்கேயும் ஆட்களைச் சிரிக்க வைக்கிறார். அவனையும் பழையபடிதான் சீண்டுகிறார். இப்போது கிரேன் ஓட்டுகிறவரிடம் அவன் பள்ளம் மேடு எல்லாம் வாய் ஓயாமல் சொல்கிறான். அவரோ அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிடுகிறார். சண்டை போட ஆளில்லை.

அக்கா வீட்டுக்கு இன்றும் போகிறான். அக்கா சாப்பாடு போடுகிறாள், வயிறு நிறைந்ததா என்று கேட்கிறாள். முன்போல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதில்லை. வேலைக்குக் கிளம்பும் மாமாவின் சட்டைக்கு அவள் ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிடும்போது, அவன் எழுந்து கை கழுவப் போய்விடுவான்.