மிசிசாகாவுக்கு அரைக்கட்டை கீழே

ஞாயிறு காலை 11.40. ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடி வாசலில் பக்கத்து வீட்டு எமில் கிற்றாரைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். மிசிசாகாவில் ஒரு சிறிய அரங்கு, இருபது டொலர் ரிக்கெற், சுவரொட்டியில் முதன்முறையாக அவருடைய பெயர். நாற்பத்தைந்து கிலோமீற்றருக்கும் நான்தான் சாரதி. பின்சீற்றில் பேஸ் கிற்றார் வாசிக்கும் தயா அண்ணை, கையில் பொரித்த பற்றிஸ் பலகாரத்தோடு.

எமிலின் ஊர் கொங்கோவில் லுபும்பாசி. ஏழு வயதில் எண்ணெய்த் தகரத்தில் சைக்கிள் பிரேக் கம்பி கட்டித் தானே கிற்றார் செய்தாராம். அம்மா உடுப்புத் தோய்த்தபடி பாட்டு முணுமுணுக்கும் குரல்தான் அதற்குச் சுருதி. பிறகு தேவாலயம், கலியாண வீடுகள், ஹோட்டல் மேடை. அகதியாக இங்கே வந்து பதினொரு வருடம். கிழமை நாட்களில் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறார். ஊரார் பெட்டியெல்லாம் பறக்கிறது. அம்மாவைப் பார்க்கப் போவதற்கு அவருக்கு மட்டும் பயணப் பத்திரம் இன்னும் வரவில்லை.

12.50. அரங்கின் கார் தரிப்பிடம். எமில் அம்மாவுக்கு அழைப்பெடுத்தார். அங்கே மாலை ஏழாகப் போகிறது.

"இன்றைக்குச் சுருதி பிடிக்கும் மெஷின் வேண்டாம். அம்மா சுருதி தரட்டும்" என்றார் தன் ஆங்கிலத்தில்.

அம்மா பாட்டை முணுமுணுத்தார். எமில் தந்தியைத் தட்டினார். சேரவில்லை. இன்னொரு முறை கேட்டார். குரல் அதே இடத்தில்தான் நின்றது. வாராவாரம் பேசுகிறார்கள், பேச்சில் இது தெரிந்ததில்லை.

"உந்தக் குரல் சுருதியில அரைக்கட்டை கீழ நிக்குதடா. தாய் மனிசிக்கு வயசு போட்டுது" என்று தயா அண்ணை என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

எமிலுக்குத் தமிழ் தெரியாது. தெரியத் தேவையும் இருக்கவில்லை. ஆறு தந்திகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். தயா அண்ணை எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, "ஓம், நானும் இறக்கிறன்" என்றார்.

2.00. அறுபது பேர் இருப்பார்கள். அந்த இறங்கின சுருதியில் எமில் பாடினார். யாழ்ப்பாணத்தில் என் அம்மாவும் சமைக்கும்போது பாட்டு முணுமுணுப்பார். அந்தக் குரல் இப்போது எந்தக் கட்டையில் நிற்கிறதோ, எனக்குத் தெரியாது.

4.30. திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல்.

"இனிச் சுருதியைப் பழையபடி ஏற்றலாமே?" என்று கேட்டேன்.

எமில் மாட்டேன் என்று தலையாட்டினார். "நான் போகும்போது அம்மாவோடு சேரவேண்டும்." கொஞ்சத் தூரம் போன பிறகு, "அவர் குரல் இன்னும் இறங்குமுன் பத்திரம் வந்தால் போதும்" என்றார்.

என்னுடைய கடவுச்சீட்டு வீட்டு அலுமாரியில்தான் இருக்கிறது. ஆறு வருடமாக அதில் ஒரு முத்திரையும் விழவில்லை.