ராத்தோ என்றால் எவ்வளவு நேரம்

ஏதோ ஒரு நாவலை மூலத்தில் படித்துப் பீற்றிக்கொள்வதற்காக ஸ்பானிஷ் கற்றவன் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அதற்குக் கிடைத்த ஒரே உபயோகம், சூளகிரிப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் ஸ்பெயின்காரக் கன்னியாஸ்திரீ டாக்டருக்கு மொழிபெயர்த்தது.

ஒரு விவசாயி, சாகக்கிடந்த மனைவியை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். இனி வைத்தியமில்லை என்றார் டாக்டர். அந்தப் பக்கத்து ஊர்களில், வெளியே செத்தால் பிணத்தை வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள், நேரே சுடுகாடுதான்.

"ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் தாங்குமா சாமி? பொழுது எறங்கறதுக்குள்ள போயிருவேன்."

இன்னும் எவ்வளவு நேரம் என்று டாக்டரிடம் 'தியெம்போ' என்ற சொல்லைப் போட்டுக் கேட்டேன். அது பொதுவாகக் காலம், வருஷக்கணக்கிலும் நீளும். டாக்டர் தலையை ஆட்டி மறுத்து, 'ராத்தோ' என்று திருத்தினார்.

"கொஞ்ச நேரந்தாங்க," என்றேன்.

"உங்க கொஞ்சமா, எங்க கொஞ்சமா?"

"உக்காந்து பேசிட்டு எந்திரிக்கிற நேரம்."

"அப்ப பேசிட்டு நிக்கறதுக்கில்ல," என்று மாட்டைப் பூட்டினார்.

பிறகு குந்தாரப்பள்ளிச் சந்தையில் அவரைப் பார்த்தேன். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டதாம்.

"ஊர்ல கேட்டவங்களுக்கு, அசந்து தூங்குதுன்னு சொன்னேன். உள்ள படுக்கவெச்ச பொறவுதான் அழுதேன்," என்றார்.