ஒழுகாத வீடு

தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிளாக்கருக்காகக் கட்டிய பழைய வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். அதைப் பார்க்க இன்று கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். வாங்கி, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவாராம். அப்படியென்றால் நாங்கள் வெளியேற வேண்டும்.

ஆனாலும் அம்மா நேற்றே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். காலையில், ஒழுகும் இடங்களில் இருந்த வாளிகளை எல்லாம் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்தார்.

வந்தவர் சுவரைத் தட்டினார். கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"ரொம்பப் பழைய வீடாச்சே. மழைக்கு ஒழுகுமா?" என்று என்னிடம் கேட்டார்.

புது ஆட்களிடம் எனக்குப் பேச்சு வராது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"ஒரு சொட்டு ஒழுகாதுங்க ஐயா. நாங்க அப்படி வச்சிருக்கோம்."

அம்மா கொடுத்த தேத்தண்ணியை அவர் குடித்து முடித்தார்.

"நல்லாத்தான் வச்சிருக்கீங்கம்மா. நான் வாங்கிக்கிறேன். நீங்க வேற வீடு பாத்துக்குங்க."

அவர் போனதும் மழை பிடித்தது. வாளிகளைக் கொண்டுவந்து பழைய இடங்களில் வைத்தேன்.

"ஒழுகுதுன்னு சொல்லியிருக்கலாமேம்மா."

"வீட்டுக்கு வந்தவங்ககிட்ட அப்படியாடி சொல்றது?"



பக்கத்தில் எங்காவது வாடகை வீடு இருந்தால் சொல்லுங்கள். ஒழுகினாலும் பரவாயில்லை. வாளிகள் எங்களிடம் இருக்கின்றன.