நிமிர்ந்து நின்ற துடுப்பு

அந்தக் காட்டோடையைக் கயாக் படகில் கடப்பதில் குழாய்க்காரரை மிஞ்ச இந்தப் பூமியிலேயே ஆள் கிடையாது. சரி, பூமி என்பது கொஞ்சம் கூடுதல்தான். அந்த ஊரில் ஒற்றையாள் படகு வைத்திருந்தவர்களே ஏழு பேர். அதிலும் இரண்டு பேர் படகுக்குள் உருளைக்கிழங்கு கொட்டி வைத்திருந்தார்கள்.

ஓடையில் இறங்கக்கூடிய இடம் மொத்தமே முந்நூறு மீட்டர். அதற்குள் யானைக்குட்டி அளவுப் பாறைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும்; மூன்று இடங்களில் தண்ணீர் தலைகுப்புற விழும். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வீட்டுத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து துருப்பிடித்த குழாய்களோடு மல்லுக்கட்டுகிற மனிதருக்கு ஏழாம் நாளும் தண்ணீரோடுதான் சண்டை. கூட்டாளி, மனைவியின் தம்பி. கண்ணாடி வெட்டும் கடையில் வேலை பார்த்தவன். இரண்டு படகுகளும் வீட்டு நடையிலேயே கிடக்கும். மனைவி அவற்றின் மேல் ஈரத் துண்டுகளைக் காயப்போடுவாள்.

"தண்ணி இரைச்சல்ல கத்தினா காதுல விழாதுக்கா. துடுப்புதான் எங்களுக்குப் பேச்சு," என்று தம்பி ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கரண்டியை நிமிர்த்திக் காட்டினான். "இப்படி நிமிர்ந்தா, வா. குறுக்கே படுத்தா, நில்லு."

"உன் மாமா வீட்டுக்குள்ள எப்பவும் குறுக்கே படுத்த துடுப்புதான்டா."

"பாத்தியா மாப்ளே, உங்க அக்கா நாக்கு மட்டும் படுக்கவே படுக்காது!"

மூன்று பேரும் புரையேறச் சிரித்தார்கள்.

வழக்கமாக இருவரும் கரையோரம் நடந்து ஓடையை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள். அன்றைக்கு, இரண்டு நாள் மழை விட்ட காலை. "போன வாரம்தானே மாமா பாத்தோம்? நீங்க கீழ போய்க் கயிறோட நில்லுங்க, நான் முதல்ல வர்றேன்," என்றான் தம்பி. அவரும் சரி என்று துடுப்பையும், ஆள் சிக்கினால் வீசுகிற கயிற்றுப் பையையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மூன்றாவது வீழ்ச்சிக்குக் கீழே, இரண்டு பாறைகளுக்கு நடுவே, மழையில் அடித்து வந்த மரம் ஒன்று குறுக்கே சிக்கிக் கிடந்தது. அவர் பார்த்துவிட்டார். துடுப்பைப் படுக்கவைத்துக் காட்ட வேண்டும். ஆனால் கை முதலில் கயிற்றுப் பைக்குப் போனது. பையின் வாய் நனைந்து முடிச்சு இறுகியிருந்தது; அவிழ்க்க இரண்டு கையும் வேண்டும். வேலையிடத்தில் அவர் குழாயைத் தரையில் போடவே மாட்டார், யார் காலையாவது தடுக்குமென்று சுவரோரம் நிமிர்த்தித்தான் வைப்பார். இருபத்தைந்து வருஷத்துப் பழக்கம். கை தானாகவே துடுப்பைப் பாறை இடுக்கில் நெட்டுக்குத்தாகச் செருகியது.

இரண்டு மூச்சு விடுகிற நேரம்தான். மேலே இருந்தவனுக்குப் பாறைகளுக்கு மேலே துடுப்பின் தலை மட்டும் தெரிந்தது. வந்துவிட்டான்.

படகு மரத்தில் பக்கவாட்டில் மோதி மடங்கியது. அவன் தலை கொஞ்ச நேரம் தண்ணீருக்கு மேலே இருந்தது. முதல் தடவை வீசிய கயிறு எட்டவில்லை. இரண்டாவது வீச்சு அவன் விரலில் பட்டது. பிடிக்க முடியவில்லை. தீயணைப்புக்காரர்கள் மரத்தை அறுத்து அவனை வெளியே எடுக்கும்போது மதியம் தாண்டிவிட்டது.

வந்தவர்கள் எல்லோரும் பையன் அவசரக்காரன் என்றார்கள். அவன் பேரில் அந்தப் பழி ஒட்டிக்கொள்வதும் விடுவதும் ஒரே ஒரு மனிதரின் வாயில் இருந்தது. குழாய்க்காரர் அன்றைக்கே, உடம்பில் ஈரம் காய்வதற்குள், அவசரப்பட்டது அவனில்லை, துடுப்பை நிமிர்த்தி வைத்தது நான்தான் என்று மனைவியிடம் சொல்லிவிட்டார்.

நான் எழுதியதை இதுவரை வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்த குழாய்க்காரரின் மனைவி, மடித்த போர்வையைக் கட்டில்மேல் வைத்தாள்.

"அன்னைக்கே சொல்லல. அதைத் திருத்துங்க. பதினோரு நாள், நான் நில்லுன்னுதான் காட்டினேன், உன் தம்பிதான் பாக்கலன்னு சொல்லிட்டிருந்தார். நானும் நம்பி, செத்தவனைத் திட்டிக்கிட்டு இருந்தேன்."